முதலில் எடுக்கிற வழி

எங்கள் பக்கத்தில் பென்சன் என்பது உத்தியோகத்தருக்கு உரியது. ஆசிரியர், கிராம அலுவலர், ஆஸ்பத்திரித் தாதி என்று ஒரு சிறு கூட்டம். கலியாணம் பேசும்போதே அதை ஒரு சொத்தாகச் சேர்த்துச் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பிள்ளைகள்தான் பென்சன்; அதில் ஒன்று கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால் நல்ல பென்சன். எனக்கு இரண்டும் இல்லை. அறிவியல்நகரில் ஆடைத் தொழிற்சாலையில் சில வருடம் மெஷினில் இருந்துவிட்டு, இப்போது பரந்தன் பக்கம் ஒரு இரும்புக் கடையில் பில்லும் கணக்கும் பார்க்கிறேன். அறுபது வயதில் யார் சோறு போடுவார்கள் என்ற கேள்வி நாற்பதை நெருங்கும்போது வந்தது. அப்போதுதான் சங்கத்து மாமாவிடம் போனேன்.

மாமா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கிராமிய வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் பாடம் எடுக்கிறவர் இல்லை, வேலை கொடுக்கிறவர். எந்த வங்கியில் வட்டி கூட என்று கேட்டுக்கொண்டு போன எனக்கு முதல் நாள் ஒரு சொல்லும் சொல்லித்தரவில்லை. அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"பிள்ளை, மூண்டு பத்தி கீறு. உன்ரை காசு எங்கை கிடக்கு. ஆரின்ரை பெயரிலை கிடக்கு. நாளைக்கு எடுக்க வேணுமெண்டா ஆரிட்டை என்ன கடதாசி குடுக்க வேணும். வட்டி வீதம் இப்ப வேண்டாம்."

முதல் இரண்டு பத்தியும் சுலபமாக நிரம்பின. சேமிப்புக் கணக்கு ஒன்று. தொழிற்சாலைக் காலத்து சேமலாப நிதி. அம்மாவின் காப்பு ஒரு சோடி. சின்னம்மா பிடிக்கிற சீட்டில் ஒரு பங்கு. மூன்றாம் பத்தியில்தான் பேனை நின்றது. சீட்டுக்கு எழுத எதுவும் இல்லை. சின்னம்மாவின் வாக்குத்தான் கடதாசி. சேமலாப நிதிக்கு அங்கத்தவர் இலக்கம் எங்கோ ஒரு பழைய பே சிலிப்பில் இருக்க வேண்டும். மாமா சீட்டுக்கு எதிரியில்லை. கூரைத் தகரம் மாற்றவும் பிள்ளையின் வகுப்புக் காசு கட்டவும் அதைவிட நல்ல உண்டியல் இல்லை என்பார். குறுகிய காலம் ஓடுகிற சீட்டுக்கு அது சரி. இருபது வருடத்துக்கு ஒருவரின் வாக்கையும் ஆயுளையும் நம்பிக் காசை விட முடியாது.

மூன்றாம் பத்தியில் அவருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கத் தேவையில்லை. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் வன்னிச் சனம் காசு போட்டது, நகை அடைவு வைத்தது. அந்த நாளில் கொடுத்த வட்டியும் நடத்தையும் குறை சொல்ல முடியாதவை என்று மாமாவே சொல்வார். 2009இல் வைப்பகமும் இல்லை, கணக்குக் காட்ட ஆளும் இல்லை. நகைகள் இராணுவத்தின் கைக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் அப்போதைய ஜனாதிபதி கிளிநொச்சிக்கு வந்து ஒரு சிலருக்குத் திருப்பிக் கொடுத்தார். 2025 மே மாதத்தில் இராணுவம் தன்னிடமிருந்த நகைகளைப் பொலிஸிடம் கையளித்தது. பதினாறு வருடத்துக்குப் பிறகு, தாலிக்கொடி யாருடையது என்று எதை வைத்து நிரூபிப்பது? அடைவுச் சிட்டை எந்தப் பதுங்குகுழியில் போனதோ.

அதே காலத்தில் அரச வங்கிகளின் கிளிநொச்சிக் கிளைகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் வேறு அனுபவம் கண்டார்கள். புத்தகம் போயிருந்தாலும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேறொரு ஊரின் பதிவில் இருந்தன. மெனிக்பாம் முகாமுக்குள் வங்கிகள் கிளை திறந்தபோது, ஓடி வந்த சனம் இடுப்பில் கட்டிக் கொண்டுவந்ததை வரிசையில் நின்று வைப்பிலிட்டது. மாமா அந்த வரிசையில் நின்றவர். "வட்டிக்காகவே நிண்டனாங்கள்?" என்று கேட்பார்.

இரண்டாவது வேலை, சேமலாப நிதியைத் தேடிப் பிடிப்பது. தொழிற்சாலையில் இருந்த காலத்தில் அதை நாங்கள் 'வெட்டு' என்றுதான் சொல்வோம். சம்பளத்தில் எட்டு வீதம் வெட்டுவார்கள். முதலாளி பன்னிரண்டு வீதம் போடுவார். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் இன்னும் மூன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் முதலாவதைக் கொண்டுவந்தது. நம்பிக்கை நிதிச் சட்டம் 1980இல் வந்தது. சேமலாப நிதியின் நிருவாகத்தைத் தொழில் திணைக்களம் பார்க்கிறது, மத்திய வங்கி காசை வைத்திருக்கிறது. பெண்களுக்கு ஐம்பது வயதில், ஆண்களுக்கு ஐம்பத்தைந்தில் எடுக்கலாம். கலியாணம் கட்டி வேலையை விடுகிற பெண் அதற்கு முன்னரே எடுக்கலாம்.

இந்தக் கடைசி விதியைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. எங்கள் லைனில் இருந்த பிள்ளைகளில் பலர் அப்படித்தான் எடுத்தார்கள். முதுமைக்கென்று சேர்ந்த காசு சீதனத்தில் ஒரு துண்டாகவோ மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளின் முற்பணமாகவோ போயிற்று. ஆண் கலியாணம் கட்டினால் அவனுடைய நிதியை யாரும் உடைப்பதில்லை. சட்டம் போட்டவர்கள் பெண்ணுக்குச் சலுகை என்று நினைத்திருப்பார்கள். நான் எடுக்காமல் விட்டதற்கும் ஞானம் காரணமில்லை. கலியாணம் பிந்தியது, அவ்வளவுதான்.

தேடிப் போனால் தெரிந்தது, என் பெயர் அங்கே ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இது புதினமில்லை. கிராம அலுவலரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பிறகு தொழில் அலுவலகம். நான் அலுத்துக்கொண்டபோது மாமாவுக்குச் சந்தோஷம். "இப்ப செய்தது நல்லது. ஐம்பது வயசிலை, காசு அவசரமா வேணும் எண்ட நேரத்திலை இந்த எழுத்துப் பிழையைக் கண்டுபிடிச்சிருந்தா?" பழைய ஒன்பது இலக்க அட்டையிலிருந்து பன்னிரண்டு இலக்கத்துக்கு மாறியவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பே சிலிப் வாசிக்கவும் அப்போதுதான் பழகினேன். தொழிற்சாலையில் கையில் வந்த காசில் கணிசமான பங்கு ஓவர்டைம். சேமலாப நிதிக்கு ஓவர்டைமைக் கணக்கெடுக்க மாட்டார்கள். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து மிச்சத்தை அப்படி இப்படி என்று தந்தால், இன்றைக்குக் கை நிறையும். ஐம்பதில் பார்த்தால் நிதி மெலிந்திருக்கும். இரண்டு வேலை வந்து ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தால் மொத்தத்தைப் பார்க்காதே, அடிப்படையைப் பார் என்பது மாமாவிடம் நான் கற்ற மிகப் பயனுள்ள ஒரு வரி.

இரும்புக் கடையில் சேர்ந்தபோது நிலைமை வேறு. பெயர் வேண்டாம், எங்கள் பட்டினத்துக் கடைகளில் பாதி இப்படித்தான். "அந்தக் காசையும் சேர்த்துக் கையிலை தாறன் பிள்ளை, உனக்கும் லாபம்" என்றார் முதலாளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மாமா கொப்பியில் கணக்குப் போட்டார். தனியார் துறைக்கான ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகியது. அதில் என் எட்டு வீதம் 2,160. முதலாளியின் பன்னிரண்டு வீதம் 3,240. கூட்டினால் மாதம் 5,400. நம்பிக்கை நிதிக்கு இன்னும் 810. நான் இரண்டாயிரத்துச் சொச்சம் போட, மூவாயிரத்துச் சொச்சம் இன்னொருவர் போடுகிறார். இதைவிட வட்டி தருகிற வங்கி உலகத்தில் எங்கே இருக்கிறது? "கையிலை தாறன்" என்பவர் உண்மையில் எதைத் தருகிறார் என்று பார்த்தேன். என்னுடைய எட்டை எனக்கே தந்து, தன்னுடைய பன்னிரண்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும், தற்காலிகம் என்று தட்டிக்கழிக்க முடியாது, ஒவ்வொரு மாதக் காசையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் தாமதத்தைப் பொறுத்து ஐந்திலிருந்து ஐம்பது வீதம் வரை மேலதிகக் கட்டணம். இவற்றை நான் சண்டை போடாமல், கணக்குப் பிள்ளை முதலாளிக்குச் சொல்கிற தொனியில் சொன்னேன். மூன்றாம் மாதம் பதிந்தார். முறைப்பாடு என்று போயிருந்தால் வேலை போயிருக்கும் என்பதும் உண்மை. இந்தத் தொழிலில் வாயும் ஒரு கருவி.

பிறகுதான் வட்டி. எழுபத்திரண்டை வட்டி வீதத்தால் பிரித்தால் காசு இரட்டிக்கிற வருடம் வரும் என்று காட்டினார். ஒன்பது வீதமென்றால் எட்டு வருடம். மாதம் 5,400, ஒன்பது வீதம் என்று வைத்துப் பதினைந்து வருடம் போட்டால் ஏறக்குறைய 19 லட்சம். இருபத்தைந்து வருடம் என்றால் 55 லட்சம் அளவில். பத்து வருட வித்தியாசம் மூன்று மடங்கு ஆக்கிவிடுகிறது. தொழிற்சாலையில் பதினெட்டு வயதில் சேர்ந்த பிள்ளைகள் கலியாணத்தோடு எடுத்தது எந்தப் பத்து வருடத்தை என்று அந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

நான் 55 லட்சத்தில் மயங்கி இருந்தபோது மாமா கேட்டார், "அந்த நேரம் ஒரு மூட்டை அரிசி என்ன விலை?" பதில் தெரியாது. யாருக்கும் தெரியாது. 2022ஐ நினைத்துப் பார் என்றார். அந்த ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக ஏழு வீதப் புள்ளி கூட்டியது. 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. செப்டெம்பரில் பொருள் விலை முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ எழுபது வீதம் கூடியிருந்தது. அந்த வருடம் சேமலாப நிதி ஒன்பது வீதம் கொடுத்தது. எண் கூடியது, அரிசி குறைந்தது.

அதே வருடம் நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி ஓடியது. திறைசேரி உண்டியல் முப்பதைத் தொட்டது. ஊரில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர், பத்து லட்சத்தைப் போட்டு வருடம் இரண்டு லட்சத்துக்கு மேல் வட்டியில் சீவித்தார். சந்தோஷமாக இருந்தார். 2024, 2025இல் வட்டி எட்டுக்கு இறங்கியபோது அதே பத்து லட்சம் எண்பதாயிரம் கொடுத்தது. அதற்கும் மேலே வட்டியில் பிடிக்கிற வரி 2025 ஏப்ரலிலிருந்து ஐந்து வீதத்திலிருந்து பத்தாகியது. வருமானம் வரி எல்லைக்குக் கீழே இருப்பவர்கள் வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை நான்தான் அவருக்கு நிரப்பிக் கொடுத்தேன். என் முதல் சொந்த வேலை என்று அதைச் சொல்லலாம்.

2023 நடுப்பகுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது ஊர் நடுங்கியது. வங்கி வைப்பில் கை வைக்கவில்லை. சேமலாப நிதியின் திறைசேரி முறிகள்தான் மாற்றப்பட்டன: முதலில் பன்னிரண்டு வீதம், பிறகு ஒன்பது. மாறாத நிதியங்களுக்கு வரி பதினான்கிலிருந்து முப்பதாகும் என்றார்கள், ஆகவே மாற்றினார்கள். அந்த வருடத்துக்கு நிதி பதின்மூன்று வீதம் கொடுத்தது. என்றாலும் ஒரு பாடம் தெளிவு: நாட்டின் நட்டத்தில் ஒரு பங்கு தையல் மெஷின்காரியின் முதுமைக்குள் வந்து விழும். அதற்காக நிதியை விட்டு ஓடவும் முடியாது. பன்னிரண்டு வீதத்தை வேறு யார் போடுவார்கள்? எல்லாவற்றையும் அதில் மட்டும் வைக்காமல் இருக்கலாம்.

எங்கே வைப்பது என்பதற்கு மாமாவின் சோதனை பழையதுதான், எடுக்கிற வழி. உரிமம் பெற்ற வங்கி, நிதிக் கம்பனி வைப்புகளுக்குக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரை. அதற்கு மேல் இருந்தால் இரண்டாவது வங்கிக்குப் போ. உரிமம் இருக்கிறதா என்று மத்திய வங்கியின் பட்டியலில் பார். பதாகையைப் பார்க்காதே. "கூட்டுறவுக் கிராமிய வங்கிக்கு, மாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லை. எங்கடை சங்கத்துக்கும் அந்தக் காப்புறுதி இல்லை. அவசரத்துக்குக் கடன் கிடைக்கும், ஆளைத் தெரியும். முதுமைக் காசு முழுக்க அங்கை வேண்டாம்." முப்பது வருடம் பேரேடு எழுதிய இடத்தைப் பற்றி ஒரு மனுசன் அப்படிச் சொன்னதற்குப் பிறகு அவர் சொன்ன மற்றதையெல்லாம் நான் சந்தேகிக்கவில்லை.

சேமிக்க முன்னர் கடன். ஏ9 வீதியால் நுண்கடன்காரர் வந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். கிழமைக்கு ஒருமுறை முற்றத்தில் கூட்டம், ஒருவர் கட்டாவிட்டால் குழு முழுக்க இருக்க வேண்டும். 2018இல் அரசாங்கம் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனுள்ள பெண்களுக்கு வரட்சி மாவட்டங்களில் நிவாரணம் அறிவித்தது. அந்த வருடமே நுண்கடன் வட்டிக்கு முப்பத்தைந்து வீதம் என்று எல்லை போட்டார்கள். எல்லையே முப்பத்தைந்து! அதைக் கட்டிக்கொண்டு எட்டு வீத வைப்பில் காசு வைத்திருக்கிற பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. அவசரத்துக்கு என்று வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கடனை அடைக்கிற ஒவ்வொரு ரூபாயும் முப்பத்தைந்து வீதம் உழைக்கிறது என்று மாமா கொப்பியில் எழுதிக் காட்டியபோது, சின்னம்மாவின் சீட்டுக் காசு முதலில் போன இடம் அதுதான்.

நகையில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு பவுண் ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. 2025 கடைசியில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்த வைப்பும் இதற்குக் கிட்ட வரவில்லை என்று நான் சொன்னேன். மாமா, "வித்தாத்தானே லாபம்? உன்ரை அம்மா எப்ப வித்தவ?" என்றார். உண்மைதான்; எங்கள் வீட்டில் நகை அடைவுக்குப் போகும், மீளும், மறுபடி போகும். ஒவ்வொரு முறையும் வட்டியில் ஒரு கிராம் கரையும். ஆனாலும் இடம்பெயர்ந்தபோது கையில் கொண்டுபோகக் கூடியது அது ஒன்றுதான் என்பதை அவர் மறுக்க முடியாது. அம்மாவின் காப்பை விற்கவில்லை, புதிதாக வாங்கவும் இல்லை. பங்குச் சந்தைப் பேச்சை எடுத்தால் மாமா வானொலியைக் கூட்டிவிடுவார். மாதம் ஒரு சிறு தொகையை யூனிட் ட்ரஸ்ட் ஒன்றில் போட்டுப் பார்க்கிறேன். அதை அவருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அவர் கேட்காதது போல இருந்தார்.

மூன்றாம் பத்திக்கு ஒரு கிளைக் கேள்வியும் உண்டு: நான் இல்லாவிட்டால் யார் எடுப்பது? எங்கள் ஊரில் இது பேச்சுக்குக் கேட்கிற கேள்வி இல்லை. கணவர் 2009இல் காணாமற்போன பெண்களுக்கு, அவர் பெயரில் இருந்த கணக்கும் சேமலாப நிதியும் வருடக் கணக்கில் தொட முடியாமல் கிடந்தன. மரணச் சான்றிதழ் எடுத்தால் தேடுவதைக் கைவிட்டதாகிவிடும் என்று மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரி. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம்தான் காணாமற்போனமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. என் நிதிக்கு நியமனதாரராக முள்ளியவளையில் இருக்கிற தங்கையின் பெயரை, அவளுடைய அட்டையில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டு எழுதினேன். இலக்கங்கள் எல்லாவற்றின் பிரதியும் அவளிடமும் ஒரு கோப்பில் இருக்கிறது.

இவ்வளவும் சம்பளம் வாங்குகிறவளின் பாடம். தங்கையின் கணவர் கமக்காரர். போகத்துக்குப் போகம் காசு வரும், போகத்துக்குப் போகம் போகும். அவருக்கு முதலாளியும் இல்லை, பன்னிரண்டு வீதமும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் கமக்காரர் ஓய்வூதியம் வந்தது. இடையில் நிதி வற்றிக் கொடுப்பனவு நின்று, 2014இல் அரசாங்கக் காசோடு மறுபடி தொடங்கியது. அறுபதுக்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிற கிழவர்களை எனக்குத் தெரியும். ஆயிரத்துக்கு என்ன வரும் என்று கேட்கிறார் அவர்; நியாயமான கேள்வி. சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டமும் இருக்கிறது. கட்டுகிற தொகையைப் பொறுத்து அறுபதிலிருந்து ஆயுளுக்கும் மாதப் பணம். பிரதேச செயலகத்தில் படிவம் வாங்கிக் கொடுத்தேன். காலபோக நெல்லை விற்ற கையோடு, உரக் கடன் கட்டுவதற்கு முன்னர், முதல் தவணையைக் கட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. உரக் கடன் முதலில் என்பது அவர் கட்சி. மாமாவிடம் கேட்டோம், அவர் கடனின் வட்டி வீதத்தை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.